ஆண்டையும் ஆண்டவரும்

எங்க ஆயாவுக்குத் தெரிந்த மரியாதைச் சொல் இரண்டுதான். ஒன்று ஆண்டே. இன்னொன்று ஆண்டவரே. முதல் சொல்லைக் களத்துமேட்டில் சொல்வாள். இரண்டாவதைக் கோவிலில் சொல்வாள். இரண்டையும் சொல்லும்போது அவள் உடம்பு ஒரே மாதிரிதான் இருக்கும். முதுகு வளையும். முந்தானை தோளைச் சுற்றி மூடிக்கொள்ளும். கண் தரையைப் பார்க்கும். குரல் பாதி தொண்டையிலேயே நின்றுவிடும். களத்துமேட்டு ஆண்டையும் எங்களை மாதிரியே கத்தோலிக்கர்தான். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அவரும் வருவார். அவருக்கு நடுக்கோவிலில் பெஞ்சு. எங்களுக்கு இடதுபக்கம் தரை.

எட்டு வயசில் ஆயாவிடம் கேட்டேன்: “ஆயா, ஆண்டையும் ஆண்டவரும் ஒண்ணா?”

பொளேர் என்று ஓர் அறை. “வாயக் கழுவுடா. அவுரு காதுல உழுந்தா நாக்கு அழுவிப் பூடும்” என்றாள். எவர் காதில் என்று சொல்லவில்லை. அவளுக்கே அது தெரியாது என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

கிறிஸ்தவ விசுவாசத்தில் பயத்திலிருந்து அன்புக்கு வருவது எப்படி என்று மேடை போட்டு நிறையப் பேர் பேசுகிறார்கள். மனசாட்சி, தியானம், உள்மனக் காயம், குணமாக்குதல் என்று ஏதேதோ சொல்கிறார்கள். சேரிக்காரனுக்கு அந்தப் பேச்சு ஒட்டவில்லை. அவன் பயம் அவன் மனசுக்குள் முளைத்ததல்ல. வெளியிலிருந்து, கம்போடும் கணக்குப் புத்தகத்தோடும் வந்தது. களத்துமேட்டில் பழகிய பயத்தைத்தான் நாங்கள் கோவிலுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். கோவில் அதை இறக்கி வைக்கச் சொல்லவில்லை. அதற்குப் பக்தி என்று பேர் வைத்துப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டது.

*

நம்ம பாஷையில் பக்தி தனியாக வருவதில்லை. பயபக்தி என்று ஜோடியாகத்தான் வரும். எங்கள் உபதேசியார் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் புளியமரத்தடியில் உட்கார வைத்துப் பரிசுத்த ஆவியின் ஏழு கொடைகளைச் சொல்லித் தருவார். ஏழாவது கொடை தெய்வபயம். ஏழையும் வரிசையாக ஒப்பிக்காவிட்டால் புளியம் விளாறு. தெய்வபயம் வருவதற்கு முன்னாலேயே உபதேசியார் பயம் வந்துவிடும். நரகத்தை அவர் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர் மாதிரிச் சொல்வார். எண்ணெய்க் கொப்பரை, சாகாத புழு, அணையாத தீ. பிசாசு கருப்பு, சம்மனசு வெள்ளை. கோவில் சுவரில் மிக்கேல் சம்மனசு காலால் மிதித்து ஈட்டியால் குத்துகிற பிசாசின் நிறம் எங்கள் அப்பாவின் நிறம். அந்தப் படத்துக்குக் கீழேதான் நாங்கள் உட்காருவோம்.

புதுநன்மை வாங்குவதற்கு முன்னால் பாவசங்கீர்த்தனம். அதற்கு முன்னால் ஆத்தும சோதனை. பத்துக் கட்டளையையும் ஒவ்வொன்றாக எடுத்து, எதை மீறினோம் என்று யோசிக்க வேண்டும். ஆண்டை வீட்டுக் கொல்லையில் மாங்காய் பறித்தது ஏழாம் கட்டளைக்கு விரோதம். ஆண்டையின் மகனை அவன் அடித்ததற்காகத் திருப்பி அடித்தது ஐந்தாம் கட்டளைக்கு விரோதம். ஞாயிறு பூசைக்குப் போகாமல் மாடு மேய்த்தது மூன்றாம் கட்டளைக்கு விரோதம். மாடு ஆண்டையுடையது, மேய்க்கச் சொன்னதும் ஆண்டைதான் என்பதெல்லாம் கணக்கில் வராது. எங்களைத் தனிப் பந்தியில் உட்கார வைத்தது எந்தக் கட்டளைக்கும் கீழே வரவில்லை.

வளர்ந்து, படித்து, பேங்க்கில் கிளார்க்காகச் சேர்ந்த பிறகு ஒருநாள் பழைய ஞானோபதேசம் ஒன்று கைக்குக் கிடைத்தது. வானத்தை நோக்கிக் கூக்குரலிடும் பாவங்கள் என்று அதில் நான்கு இருக்கின்றன. அவற்றில் ஒன்று, கூலிக்காரனின் கூலியைப் பிடித்து வைத்துக்கொள்வது. புத்தகத்தை மூடிவிட்டு வெகு நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். மாங்காய்க்கு நரகம் என்று சொல்லித் தந்த உபதேசியார் இந்த நாலாவது பாவத்தை எங்களுக்குச் சொல்லித் தரவே இல்லை. ஆயாவின் கூலியை அரை அரை நாளாகப் பிடித்து வைத்த ஆண்டை அடுத்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது அவரால் எப்படிச் சொல்ல முடியும்? அவருக்கும் வீடு ஆண்டையின் புறம்போக்கில்தான் இருந்தது.

ஆக, தெய்வபயம் எல்லோருக்கும் சமமாகப் பங்கு வைக்கப்படவில்லை. யார் பயப்பட்டே ஆக வேண்டுமோ அவர்களுக்கு அது வரவில்லை. ஏற்கெனவே நடுங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு இன்னொரு படி அளந்து ஊற்றினார்கள்.

*

இதை ஏதோ ஒரு கிராமத்து உபதேசியாரின் குற்றமாகச் சொல்லி முடிக்க நான் தயாரில்லை. சரித்திரத்தைப் பார்க்க வேண்டும்.

1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி பிராமண சன்னியாசி மாதிரி வாழ்ந்தார். மதம் மாறியவர்கள் பூணூல், குடுமி, சந்தனத்தை வைத்துக்கொள்வதற்கு 1623இல் ரோமாபுரி அனுமதி கொடுத்தது. மேல்சாதியைத் தொடுகிற குரு கீழ்சாதியைத் தொட முடியாது என்பதால் 1640 வாக்கில் பண்டாரசாமிகள் என்று இன்னொரு வகைக் குருக்கள் உண்டாக்கப்பட்டார்கள். 1704இல் ரோமிலிருந்து வந்த துர்னோன் என்கிற பிரதிநிதி புதுச்சேரியில் ஓர் ஆணை போட்டார். அதில் ஒரு பகுதியைக் கேளுங்கள்: சாகக்கிடக்கும் பறையரின் வீட்டுக்குள் குருக்கள் போய் அவஸ்தைப் பூசுதல் கொடுக்க வேண்டும். அப்படி ஓர் ஆணை ஏன் தேவைப்பட்டது? குருக்கள் போகாததால்தான். உயிர் போகிறவனை வாசலுக்குத் தூக்கிக்கொண்டு வரச் சொன்னார்கள். நாற்பது வருஷம் இழுத்து, 1744இல் போப்பாண்டவர் ஒரு வழி கண்டார். பறையருக்கென்று தனிக் குருக்களை வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

சீர்திருத்தச் சபைகள் யோக்கியமா என்றால், அங்கே ஒரு நல்ல காரியம் நடந்தது. 1833இல் ஆங்கிலிக்கன் பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதியை அடியோடு விட்டுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் வேளாளக் கிறிஸ்தவர்கள் கோவிலை விட்டார்களே தவிர சாதியை விடவில்லை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் மாதிரிப் பெரிய பக்திக் கவிஞரே சாதி ஆசாரத்துக்காக மிஷனரிகளோடு சண்டை பிடித்தார். அவர் பாட்டை நாமும் பாடுகிறோம்.

இந்தச் சரித்திரம் முழுக்கப் பயம்தான். பறையனைத் தொட்டால் மேல்சாதி போய்விடுமே, ஆள் குறையுமே, ரோமுக்கு அனுப்பும் கணக்கு இறங்குமே என்கிற பயம். எங்களுக்குத் தெய்வபயம் போதித்த சபை சாதிக்குப் பயந்தது. இது வேதத்திலேயே இருக்கிற கதைதான். கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தின் இரண்டாம் அதிகாரத்தை எடுத்துப் படியுங்கள். அந்தியோக்கியாவில் புறசாதியாரோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் பந்தியை விட்டு நழுவினார். காரணம் என்ன என்று பவுல் ஒளிக்காமல் எழுதுகிறார்: பயம். எல்லார் முன்னாலும் முகத்துக்கு நேராகப் பேதுருவைக் கண்டித்தேன் என்றும் எழுதுகிறார். சபையின் முதல் தலைவர் செய்த தப்பு பந்தித் தப்பு. அதற்குக் காரணம் பயம். அதைத் தட்டிக்கேட்டது அன்பு. இந்த அதிகாரத்தை வைத்து எங்கள் பங்கில் ஒரு பிரசங்கம்கூட நான் கேட்டதில்லை.

நம்ம சனங்க இதையெல்லாம் பொறுத்துக்கொண்டு சும்மா கிடந்தார்கள் என்று நினைக்காதீர்கள். ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் 1745ஆம் வருஷத்துச் சங்கதி ஒன்றை எழுதி வைத்திருக்கிறார். அப்போது புதுச்சேரிக் கோவிலுக்குள் ஒரு சுவர் இருந்தது. சுவருக்கு ஒரு பக்கம் பறையர், மறுபக்கம் சாதிக்காரர். பறையர்கள் கூடி, பெரிய சாமியாரிடம் போய், நாங்களும் உங்கள் பிள்ளைகள்தானே, நடுவில் ஏன் சுவர் என்று நியாயம் கேட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது. சாதிக் கிறிஸ்தவர்கள் கூச்சல் போட்டார்கள். பிள்ளைவாள் நம்ம கட்சிக்காரர் இல்லை. அவரே எழுதி வைத்துவிட்டார். அம்பேத்கர் பிறப்பதற்கு 146 வருஷம் முன்னால் பேர் தெரியாத நம்ம முப்பாட்டன்மார் அதிகாரத்தின் முன்னால் நின்று கேட்டார்கள். அவர்கள் கேட்டது மோட்சம் அல்ல. சுவரை எடு என்றார்கள். பயத்திலிருந்து அன்புக்கு வந்த முதல் ஆட்கள் என்று நான் அவர்களைத்தான் சொல்வேன்.

*

இன்னொரு பயம் இருக்கிறது. அது சர்க்கார் பயம்.

1950இல் குடியரசுத் தலைவர் போட்ட பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவன் பட்டியல் சாதிக்காரன் ஆக மாட்டான் என்றது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் கதவைத் திறந்தார்கள். கிறிஸ்தவருக்கும் இஸ்லாமியருக்கும் திறக்கவில்லை. சென்னைத் தெருவோரத்தில் செருப்புத் தைத்த சூசை உச்சநீதிமன்றம் வரைக்கும் போனார். அவர் கேட்டது ஒரு பெட்டிக்கடை. தெருவோரச் செருப்புத் தொழிலாளிகளுக்கு அரசு இலவசமாகக் கொடுத்தது, கிறிஸ்தவன் என்பதால் அவருக்கு இல்லை என்றார்கள். மதம் மாறிய பிறகும் அதே கொடுமை அதே அளவில் தொடர்கிறது என்பதற்கு ஆதாரம் காட்டவில்லை என்று சொல்லி 1985இல் மனுவைத் தள்ளினார்கள். சூசை ஆதாரத்தைக் கையில்தான் வைத்திருந்தார். ஊசியும் வாரும். 2007இல் ரங்கநாத் மிஸ்ரா கமிஷன் மூன்றாம் பத்தியை நீக்கச் சொல்லி அறிக்கை கொடுத்தது. 2022இல் கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு கமிஷன் போட்டார்கள். 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவர் வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஞானஸ்நானம் வாங்கி, கோவிலுக்குப் போய்வருகிறவர் என்பதால் பட்டியல் சாதிச் சான்றிதழ் கிடையாது என்றது. இடஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசியல் சட்டத்தை ஏமாற்றுவது என்றும் சொன்னது. அந்தப் பெண் கேட்டது கிளார்க் வேலை.

நானும் ஒரு கிளார்க். தீர்ப்பைப் பத்திரிகையில் படித்த அன்றைக்குக் கேஷ் கவுண்டரில் உட்கார்ந்து இரண்டு தடவை நோட்டைத் தப்பாக எண்ணினேன்.

சேரியில் இதை எல்லோரும் அறிவார்கள். ஒருவனுக்கு இரண்டு பேர் இருக்கும். கோவில் புத்தகத்தில் ஒன்று, பள்ளிக்கூடச் சர்ட்டிபிகேட்டில் ஒன்று. அந்தோணிசாமி வீட்டில் அந்தோணி, தாலுகா ஆபீசில் வேறு. பிள்ளையின் புதுநன்மைப் போட்டோவைச் சுவரில் மாட்டுவதா, பெட்டிக்குள் வைப்பதா என்று புருஷனும் பெண்டாட்டியும் ராத்திரி குசுகுசு என்று பேசிக்கொள்வார்கள். வி.ஏ.ஓ. விசாரணைக்கு வரும் அன்றைக்கு மாதா படத்தைத் திருப்பி வைத்த வீடுகள் எனக்குத் தெரியும். மாதாவும் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் கைக்குழந்தையோடு ஏரோதுக்குப் பயந்து எகிப்துக்கு ஓடியவள்தான்.

என் சர்ட்டிபிகேட்டில் என்ன இருக்கிறது என்று தோழர்கள் கேட்கலாம். சொல்ல மாட்டேன். பயத்தை விடுவது பற்றிக் கட்டுரை எழுதுகிறவன் இதைச் சொல்லப் பயப்படுகிறான் என்று நீங்கள் சிரித்தால் எனக்குச் சம்மதம். எனக்கு மனைவி இருக்கிறாள், பிள்ளை இருக்கிறது. பயம் ஒரே நாளில் போகிற சரக்கல்ல என்பதற்கு நானே சாட்சி. அதே நேரத்தில் இதையும் சொல்லிவிடுகிறேன். தலித் கிறிஸ்தவன் பொய் சொல்கிறான் என்று குற்றம் சாட்டுகிறவர்கள், அவனைப் பொய்க்குத் தள்ளிய சட்டத்தை எழுதியவர்கள். ஞானஸ்நானத் தண்ணீரில் சாதி கரைந்துவிட்டது என்று சர்க்கார் சொல்கிறது. அந்தத் தண்ணீர் காயும் முன்பே தனிச் சுடுகாட்டைக் காட்டியது ஊர்.

*

இனி அன்புக்கு வருகிறேன்.

சபைக்காரர்களுக்கு அன்பு என்றால் ரொம்பப் பிடிக்கும். நாங்கள் உரிமை கேட்கும்போதெல்லாம் அவர்கள் அன்பைப் பற்றிப் பேசுவார்கள். தேர் எங்க தெருவுக்கு வரணும் என்று கேட்டால், “அன்பாயிருங்க, சண்டை வேணாம்.” எங்க பிணமும் பெரிய தெரு வழியே போகணும் என்று கேட்டால், “மன்னிக்கக் கத்துக்குங்க.” அடித்தவனிடம் அன்பைக் கேட்காமல் அடிபட்டவனிடம் மட்டும் கேட்கிறார்கள். இது அன்பா? ஆண்டைக்குக் கும்பிடு போட்டதன் இன்னொரு பேர். களத்துமேட்டில் பயந்தவன் பேசாமல் இருந்தான். கோவிலில் அன்பு செலுத்துகிறவன் பேசாமல் இருக்க வேண்டும். பலன் இரண்டிலும் ஒன்றுதான்.

எறையூரை மறந்துவிடவில்லை. இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கும் பழைய கத்தோலிக்க ஊர். பொதுத் தூம்பா, பொதுப் பாதை, சமமான இடம் எதுவும் கிடைக்காத தலித் கிறிஸ்தவர்கள், எங்கள் கோவிலையே தனிப் பங்காக்குங்கள் என்று கேட்டார்கள். 2008 மார்ச் 9 அன்று அவர்கள் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் சுட்டதில் இரண்டு பேர் செத்தார்கள். இருவரும் வன்னியர் கிறிஸ்தவர்கள். இதை மறைத்துவிட்டு நம்மால் அன்பைப் பற்றிப் பேச முடியாது. அந்த இரண்டு உயிரையும் பறித்ததும் பயம்தான். சேரிக்காரன் தூம்பாவும் நம்ம தூம்பாவும் ஒன்றாகிவிட்டால் நமக்கென்று என்ன மிஞ்சும் என்கிற பயம். சாதியைத் தவிரத் தனக்கு வேறு மானம் இல்லை என்று ஒருவனை நம்ப வைத்த சபை, அந்தச் சாவுக்குப் பொறுப்பில்லையா?

ரோமாபுரிக்கு இது தெரியாது என்று சொல்ல முடியாது. 2003 நவம்பரில் தமிழகத்து ஆயர்களை நேரில் வைத்துக்கொண்டே இரண்டாம் ஜான் பால் போப்பாண்டவர் சாதிப் பாகுபாட்டைக் கண்டித்தார். 2016இல் இந்திய ஆயர் பேரவை தலித் மக்களுக்கான கொள்கை ஒன்றை வெளியிட்டு, சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டது நல்லது. பாவசங்கீர்த்தனத்தில் பாவத்தைச் சொன்னால் மட்டும் போதாது, பரிகாரம் செய்ய வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லித் தந்ததே நீங்கள்தானே. பரிகாரம் எங்கே?

யோவான் எழுதிய முதல் கடிதம் நாலாம் அதிகாரத்தில் பயத்தையும் அன்பையும் நேருக்கு நேர் நிறுத்துகிறார். அன்பு நிறைந்த இடத்தில் பயத்துக்குக் குடியிருப்பு இல்லை என்பது அவர் கட்சி. பிரசங்கிகள் அந்த வசனத்தோடு நிறுத்திவிடுவார்கள். இரண்டு வசனம் தள்ளிப் படிக்க வேண்டும். கண்ணால் பார்க்கிற சகோதரனைப் பகைத்துக்கொண்டு கடவுளை நேசிப்பதாகச் சொல்கிறவன் பொய்யன் என்று பச்சையாக எழுதியிருக்கிறார். பயம் போவதற்கு வழி கண்ணை மூடித் தியானம் செய்வதல்ல. பக்கத்தில் இருப்பவனைச் சமமாக உட்கார வைப்பது. அன்புக்கு அளவுகோல் பந்தி.

*

இதை நம்ம ஆட்களே கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறார்கள். 1981இல் பெங்களூரில் அர்விந்த் நிர்மல் பேசியதிலிருந்து தலித் இறையியல் என்று ஒரு பேச்சு எழுந்தது. புத்தகத்துக்குள்ளேயே அது நின்றுவிடாமல் சேரிக்குக் கொண்டுவந்தவர் மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்த தியோபிலஸ் அப்பாவு. பரட்டை என்றால்தான் பலருக்குத் தெரியும். 2005இல் காலமானார். அவர் செய்த பெரிய காரியம், ஆண்டவர் என்ற சொல்லைத் தள்ளி வைத்துவிட்டுக் கடவுளைப் பெத்தவரே என்று கூப்பிட்டது. ஆயாவிடம் நான் கேட்ட கேள்விக்கு விடை அதில் கிடைத்தது. ஆண்டவர் ஆள்கிறவர். ஆள்கிறவன் முன்னால் முதுகு வளையும். பெத்தவருக்கு அது வேண்டாம். பெத்தவர் என்றால் அப்பனும் உண்டு, ஆத்தாளும் உண்டு. பெத்தவர் முன்னால் பிள்ளை கோபிக்கலாம், கேள்வி கேட்கலாம், சோறு போடு என்று அதட்டலாம். பிள்ளைகளுக்குள் ஒருவன் பெஞ்சிலும் ஒருவன் தரையிலும் உட்கார்ந்தால் பெத்தவருக்குப் பொறுக்காது.

அவர் சொன்ன இன்னொன்று ஒரே ஒல. எல்லோரும் கொண்டுவந்த அரிசியை ஒரே உலையில் போட்டுப் பொங்கி, ஒன்றாக உட்கார்ந்து தின்பது. அதுதான் நற்கருணை என்றார். வெள்ளை அப்பத்தை நாக்கில் வைத்துக்கொண்டு வரிசையில் கடைசியாகத் திரும்பிய எனக்கு, இதைக் கேட்டபோது வயிறு நிறைந்த மாதிரி இருந்தது. 1992இல் வந்த பாமாவின் கருக்கு, பயமுறுத்தும் கடவுளைச் சிறுவயசில் திணித்த கதையையும் நியாயத்துக்காக நின்ற இன்னொரு யேசுவை அவரே கண்டுகொண்ட கதையையும் சொல்கிறது. படிக்காத தோழர்கள் படியுங்கள்.

மார்க்சியத் தோழர்களும் பௌத்தத் தோழர்களும் என்னிடம் கேட்கிறார்கள்: “இவ்வளவு தெரிஞ்சும் ஏன் அங்கயே கிடக்கிற? வெளியே வா.” நியாயமான கேள்வி. பாபாசாகேப் 1956இல் வெளியே வந்து வழி காட்டினார். அவரை மதிக்கிறேன். ஆனால், எங்க ஆயா செபமாலையை உருட்டித்தான் பிள்ளைகளைக் காப்பாற்றினாள். அவளுக்குக் கூலி பாக்கி இருக்கிற மாதிரியே கோவிலிலும் பாக்கி இருக்கிறது. அந்தக் கோவிலுக்கு மண் சுமந்தவர்கள் நாங்கள். பாக்கியை வசூல் பண்ணாமல் வெளியே போக எனக்கு மனசு இல்லை.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். நம்ம சனங்க கூட்டம் கூட்டமாக எழுப்புதல் கூட்டங்களுக்கும் தியான மையங்களுக்கும் போகிறார்கள். அங்கேயும் பயம்தான் விற்பனை. சூனியம், சாபம், பிசாசு, காணிக்கை குறைந்தால் வியாதி. கண்டிக்க வேண்டியதுதான். ஆனாலும் ஏன் போகிறார்கள்? அங்கே ஒரு பாஸ்டர் எங்க சித்தி தலையில் கை வைத்து ஜெபிக்கிறார். மைக்கை அவள் கையில் கொடுத்துச் சாட்சி சொல்லச் சொல்கிறார். அறுபது வருஷம் பங்குக் கோவிலில் இருந்தவளை ஒருத்தரும் தொட்டதில்லை, ஒருத்தரும் பேசச் சொன்னதில்லை. தொடுவதற்கு ஆள் வேண்டும் என்று போகிறவர்களைப் பார்த்து மூடநம்பிக்கை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது.

*

நம்மைப் பற்றியும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை பாதிப் பொய்.

என் தங்கை கல்யாணத்தில் அருந்ததியர் தெருவிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. என்னோடு படித்த நண்பனின் குடும்பம். அவர்களும் கிறிஸ்தவர்கள். என் சித்தப்பா அவர்களைப் பார்த்ததும், “தம்பி, அவங்களக் கடைசிப் பந்தியில பாத்துக்கலாம்” என்றார். ஆண்டை வீட்டில் எங்கள் அப்பா கேட்ட அதே வாசகம். நான் என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. கல்யாண வீட்டில் ரகளை வேண்டாம் என்று பேசாமல் இருந்தேன். நண்பன் மொய் எழுதிவிட்டுச் சாப்பிடாமல் போனான். அந்தியோக்கியாவில் பந்தியை விட்டு நழுவிய பேதுருவைத் திட்டி எழுதுகிற இந்தக் கை, அன்றைக்குச் சும்மா இருந்தது. பிறகு அவன் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். “மன்னிப்பு இருக்கட்டும், ஒக்காரு” என்று சொல்லிச் சோறு போட்டான். நான் அவனுக்குப் போட வேண்டிய சோறு அது. அன்பு என்றால் என்ன என்று இந்த வயசில் எனக்குச் சொல்லிக் கொடுத்தது எந்தச் சாமியாரும் இல்லை.

*

எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் மதில் இருக்கிறது. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைச் சுவர் பத்திரிகைகளில் வந்ததால் எல்லோருக்கும் தெரியும். பேர் வராத சுவர்கள் எத்தனையோ. எங்கள் ஊர் மதில் நெஞ்சு உயரம். இந்தப் பக்கம் ஆயா. அந்தப் பக்கம் ஆண்டை. இருவரும் ஒரே மோட்சத்துக்குப் போய்ச் சேர்ந்தார்களா, மோட்சத்திலும் மதில் எழுப்பினார்களா என்று தெரியவில்லை.

போன வருஷம் நவம்பர் 2, கல்லறைத் திருநாள். ஆயாவுக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, இன்னொன்றை எடுத்துக்கொண்டு மதிலைச் சுற்றி அந்தப் பக்கம் போனேன். எங்க தெருப் பையன்கள் நாலு பேர் கூட வந்தார்கள். ஆண்டையின் கல்லறையைத் தேடிக் கண்டுபிடித்தேன். பளிங்குக் கல். வத்தியை ஏற்றும்போது கை நடுங்கியது. முப்பது வயசு தாண்டிய, சம்பளம் வாங்குகிற, கவிதை எழுதுகிற கை. செத்துப்போன ஆண்டைக்கு நடுங்கியது.

ஆண்டையின் பேரன் வந்தான். பயிர்க்கடனுக்காக என் கவுண்டரில் வந்து நின்று “சார்” என்று கூப்பிடுகிறவன். அங்கே, “யாரக் கேட்டு இந்தப் பக்கம் வந்த?” என்றான்.

“உங்க தாத்தாவுக்கு ஒரு வத்தி ஏத்துனேன். எங்க ஆயா அந்தப் பக்கம் இருக்கா. நாப்பது வருசம் உங்க களத்துல நெல் தூத்துனவ. நீயும் வந்து ஒண்ணு ஏத்து” என்றேன்.

அவன் வரவில்லை. வத்தியைக் காலால் தட்டிவிடவும் இல்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டான். எங்க பையன்கள் இன்னும் இரண்டு கல்லறையில் ஏற்றினார்கள். பங்குச் சாமியார் மறுநாள் கூப்பிட்டு, ஊர் அமைதியைக் கெடுக்காதே என்றார். சாமி, பிணத்துக்கு வத்தி ஏற்றியதா அமைதியைக் கெடுத்தது, மதிலா என்று கேட்டேன். அவர் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டேன். தரையைப் பார்க்கவில்லை.

மாணவத் தோழர்களுக்கும் இயக்கத் தோழர்களுக்கும் மூன்று காரியம் சொல்கிறேன். மூன்றாம் பத்தியை நீக்கச் சொல்லும் போராட்டத்தைச் சபை நடத்தும் ஒருநாள் ஊர்வலத்தோடு விட்டுவிடாமல் நம்ம இயக்கத்தின் கோரிக்கையாக எடுக்க வேண்டும். தலித் இந்து, தலித் கிறிஸ்தவன், தலித் முஸ்லிம் என்று பிரித்து வைத்தால் லாபம் யாருக்கு என்று நமக்குத் தெரியும். இரண்டாவது, தனிக் கல்லறையும் தனித் தூம்பாவும் இருக்கிற பங்கில் திருவிழாப் பூசை கிடையாது என்று ஆயர்கள் அறிவிக்க வேண்டும். அறிவிக்கும்வரை அவர்கள் மாளிகை வாசலில் நம்ம சனம் உட்கார வேண்டும். மூன்றாவது நம்ம வீட்டுக் காரியம். அருந்ததியர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாதவன், அவர்களை முதல் பந்தியில் உட்கார வைக்காதவன், மதிலை இடிக்கக் கடப்பாரை எடுக்க வேண்டாம். அவன் கையில் ஏற்கெனவே ஒரு மதில் இருக்கிறது.

வருகிற நவம்பர் 2 அன்று நாங்கள் மறுபடியும் அந்தப் பக்கம் போகிறோம். இந்தத் தடவை தெருவே வருகிறதாகச் சொல்லியிருக்கிறது. அருந்ததியர் தெரு நண்பனும் வருகிறேன் என்றிருக்கிறான். உங்கள் ஊரிலும் மதில் இருந்தால் ஆளுக்கு இரண்டு வத்தி எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று நம்ம சனத்துக்கு. ஒன்று அவர்களுக்கு. கை நடுங்கினால் நடுங்கட்டும். ஏற்றுங்கள்.